பேட்டரிக்கு வெச்ச பொட்டு

இருங்க தம்பி, அப்படியே உக்காந்துறாதீங்க. சாரல் அடிச்சு பஸ் சீட்டெல்லாம் நனைஞ்சு கெடக்குது. இந்தாங்க துணி, தொடைச்சுப்போட்டு உக்காருங்க. பழந்துணிதானுங்க, பரவால்ல. மஞ்சக் கறையைப் பாக்காதீங்க, காஞ்ச கறை, ஒட்டாது. தொடைச்சுட்டு அப்படியே அந்த சன்னல் சந்துல சொருகி வையுங்க, தண்ணி உள்ள வராது.

பெங்களூருங்களா? நான் ஓசூர்ல எறங்கிக்குவேன். திருப்பூர்ல ஏறுனனுங்க. என்ற பேரு குப்புராஜ். இன்டீரியர் வேலை. கிச்சன் கப்போர்டு, அலமாரி, லாஃப்ட்டு, எல்லாம் பண்றதுதான்.

இந்தப் பையிங்களா? மேல வெக்க முடியாதுங்க, மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் எனக்குத் தெரியாது. வலது கையில ஒரு வருசமாவே உணர்ச்சி கம்மி. மெஷின் இல்லாம கையிலயே ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி இப்படி ஆயிப்போச்சு. டீ கிளாஸைப் புடிச்சா சூடு தெரியறதில்லை. உள்ள பேட்டரி இருக்குதுங்க. ஒயர் இல்லாம ஸ்க்ரூ முடுக்கற கார்டுலெஸ் மெஷினோட பேட்டரி, ரெண்டு. ஒரு வருசமா செத்துக் கெடந்தது, இப்ப உயிரோட இருக்குது. இதைக் கொண்டு போய்க் காட்டி என்ற மச்சினனைக் கூட்டியாரத்தான் போறேன்.

பொண்ணுக்கு அடுத்த மாசம் காது குத்துங்க. தன்ஷிகா பேரு. ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு, கோயில்ல கெடா வெட்டச் சொல்லியாச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும், உங்களுக்குத் தெரியாததா. தாய்மாமன்னு இருக்கறது ஒருத்தன்தான். என்ற ஊட்டுக்காரி வளர்மதிக்குத் தம்பி, பூபதி. அவன் வந்தா காது குத்து, வரலீன்னா இல்லை. நான் சொல்லலீங்க, வளர்மதி சொல்லிப்போட்டா. ஒரு வருசமா அவ எங்கூடப் பேசறதே "சோறு வெச்சிருக்குது", "தண்ணி வந்திருச்சு", இவ்வளவுதான். இது ஒண்ணைத்தான் முழுசாச் சொன்னா. "அவன் மடியில உக்காராம என்ற பொண்ணு காதுல ஊசி படக்கூடாது"ன்னா. குரலைக்கூட ஒசத்தல, வெங்காயம் அரிஞ்சுட்டே சொன்னா.

எனக்குக் கோவம் வரோணுமில்லீங்களா? வரல. இப்பெல்லாம் எதுவும் வர்றதில்லைங்க. பாப்பா ஓடியாந்து காலைக் கட்டிக்கும், தூக்குவேன், எறக்கி விட்டுருவேன். டிவியில சிரிப்புப் படம் ஓடும், பாத்துட்டே இருப்பேன், முடிஞ்சதும் அமத்திப்போட்டுப் படுத்துக்குவேன். நல்லாத்தான் இருக்கறேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்லை.

பூபதி எங்கூட வேலைக்கு வந்தப்போ மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. தொழில் நான்தான் பழக்குனேன். லாஃப்ட்டு மாட்டறப்போ பாருங்க, ஒருத்தன் கீழ இருந்து பலகையைத் தலைக்கு மேல தாங்கோணும், ஒருத்தன் ஏணியில நின்னு ஸ்க்ரூ ஏத்தோணும். அவன் தாங்குனா பலகை அசையாதுங்க. "ஆச்சா மச்சான்"னு ஒரு தடவை கேக்கமாட்டான். நான் சொல்ற வரைக்கும் நிப்பான். அந்த மாதிரி ஆளு கெடைக்கறது செரமம். அதைச் சொல்றதுக்கு எனக்கென்ன? நல்லதை நல்லதுன்னுதான் சொல்லோணும். ஆனா செஞ்ச காரியம் இருக்குதில்ல.

போன ஆயுத பூசைக்கு நடந்ததுங்க. பூசையை நான்தான் பண்ணுவேன், வேற யாரையும் தொட விடமாட்டேன். சந்தனத்தைப் பன்னீர் ஊத்திக் கையால கொழைப்பேன், இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியா. அப்பத்தான் பொட்டு நிக்கும். ரம்பத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாத ட்ரில் பிட்டு வரைக்கும், ஒண்ணு விடாம வெப்பேன். இந்த பேட்டரி இருக்குது பாருங்க, இதுக்கு மூஞ்சி எதுன்னு தெரியாது. எல்லாப் பக்கமும் கருப்புப் பொட்டி. அதனால நான் எங்க வெச்சேன்னா, மேல பித்தளைப் பல்லாட்ட வரிசையா இருக்குமில்ல, சார்ஜர்ல போய்ச் சொருகற எடம், அங்க வெச்சேன். கரண்டு வந்து போற வாய் அதுதானுங்களே. சாமி வந்து உக்காரணும்னா அங்கதான் உக்காரும். நல்லா அப்பி, அதுக்கு மேல குங்குமம் வெச்சேன்.

அப்பவே இந்தப் பூபதி ஒரு சொல்லு சொன்னான். "மச்சான், பல்லுல வேண்டாம், சைடுல வெச்சா போதும்"ன்னான். பூசை நேரத்துல அபசகுனமா. நான் பாட்டுக்குச் சாம்பிராணியைப் போட்டுட்டு இருந்தேன். ஆனா மனசுல வெச்சுக்கிட்டேன். சாமி காரியத்துலயே குத்தம் கண்டுபிடிக்கறவன் நாளைக்கு எது வேணா செய்வான்னு அன்னைக்கே தோணுச்சு. தோணுன மாதிரியே ஆச்சு பாத்தீங்களா.

பூசை முடிஞ்சு மறுபடி வேலையைத் தொடற அன்னைக்கு, அவிநாசிப் பக்கம் ஒரு புது ஊடு. கிரகப்பிரவேசம் நெருங்கிருச்சு, ஊட்டுக்காரர் கூடவே நின்னு பாத்துட்டு இருக்கறாரு. பேட்டரியைச் சார்ஜர்ல போட்டா செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. செவப்பு மினுக்குனா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணைப் போட்டேன். அதுவும் அதேதான். ரெண்டும் ஒரே நாள்ல போகுங்களா? பூசைக்கு முந்தி யாரு எடுத்துட்டுப் போனது? பூபதி. சிநேகிதன் ஊட்டுல ஸ்கிரீன் கம்பி மாட்டோணும்னு ஒரு சாயங்காலம் எடுத்துட்டுப் போயிட்டு வந்தான். அங்க தண்ணியில போட்டானோ, கீழ போட்டானோ. கேட்டா, "இல்ல மச்சான், வர்றப்போ நல்லாத்தான் ஓடுச்சு"ங்கறான். நல்லா ஓடுனது பூசை ரூம்புல உக்காந்தே கெட்டுப் போகுமா?

பேட்டரியை எடுத்துப் பல்லைப் பாக்கப் போனான். நான் புடுங்கிட்டேன். கெடுத்தவன் கையில மறுக்கா எதுக்குக் குடுக்கோணும்?

கத்தலீங்க நான். ஊட்டுக்காரர், பெயின்டருங்க, டைல்ஸ் ஆளுங்க எல்லாரும் இருந்தாங்க. அமைதியாத்தான் சொன்னேன். "உங்கக்கா மூஞ்சிக்காகத்தான் உன்னை வெச்சிருக்கறேன், உன்ற வேலைக்காக இல்லை"ன்னேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை.

அதைச் சொல்றப்போ அவன் பலகையைத் தாங்கிட்டு இருந்தான். கையாலயாச்சும் முடுக்கலாம்னு நான் ஏணியில நின்னுட்டு இருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டுட்டும் அவன் பலகையை விடலீங்க. நான் கடைசி ஸ்க்ரூவை முடுக்கற வரைக்கும் நின்னான். அதுக்கப்பறம் எறக்குன கையைக் கழுவிட்டு, இடுப்புல கட்டியிருந்த சாமான் பெல்ட்டை அவுத்து சன்னல் திண்டுல வெச்சுப்போட்டு, செருப்பைப் போட்டுட்டு நடந்துட்டான். ஓசூருக்குப் போறேன்னு வளர்மதிகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கறான். எங்கிட்டச் சொல்லல.

இது சங்ககிரி தாண்டிருச்சுங்களா? சரி.

புது பேட்டரி வாங்கலாமில்லன்னு வளர்மதி கேட்டா. அப்ப கொஞ்சம் பேசிட்டு இருந்தா. வாங்கலாம். ஆனா வாங்கலீங்க நான். வாங்கிட்டா கதை முடிஞ்சு போயிருமே. இது கூடத்துல அலமாரி மேலயே இருக்கோணும், வர்ற ஒரம்பரை பாக்கோணும், என்னன்னு கேக்கோணும், மச்சினன் பண்ணுன வேலைன்னு நான் சொல்லோணும். சந்தனமும் குங்குமமுமா அப்படியே வெச்சிருந்தேன். யாராச்சும் வந்தா எடுத்துச் சார்ஜர்ல சொருகிக் காட்டுவேன். செவப்பு மினுக்கும். பாருங்கன்னு சொல்லுவேன். வளர்மதி எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயிருவா.

பொழைக்க வெக்கப் பாக்காமயும் இல்லைங்க. செல்லுல வீடியோவுல என்னென்னமோ சொல்றாங்க. ஒருத்தன் ஃபிரிட்ஜுல வெய்யிங்கறான், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒருத்தன் அரிசி டப்பாவுக்குள்ள பொதைச்சு வெய்யிங்கறான், வெச்சேன். வளர்மதி மறுநாள் அரிசி அளக்கப் போயி, பேட்டரியை எடுத்து அக்கட்டால வெச்சுப்போட்டு, அளந்துட்டு, மறுபடி அதே எடத்துல பொதைச்சு வெச்சா. திட்டுனாக்கூடப் பரவால்லைங்க. திட்டல.

இப்பக் காது குத்துக்குத் தேதி வெச்சதும், இதுக்கு ஒரு முடிவு கட்டலாம்னு தோணுச்சு. தொழில் தெரிஞ்ச ஆளு வாயில இருந்து, இது தப்பா பொழங்கினதாலதான் போச்சுன்னு ஒரு சொல்லு வாங்கிட்டா போதும். நான் ஞாயமாத்தான் நடந்துக்கிட்டேன்னு வளர்மதிக்குத் தெரிஞ்சிருமில்ல. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடை, மெஷின் ரிப்பேர், பேட்டரி ரிப்பேர் எல்லாம் பண்றாங்க. கடைக்காரர் இல்லை, ஒரு அம்மாதான் பாக்குது, ஜரீனான்னு பேரு. பொம்பளைக்கு என்ன தெரியும்னு திரும்பியிருப்பேன், ஆனா அதுக்குள்ள பையை வாங்கிருச்சு.

வாங்கி ஒரு தடவை திருப்பிப் பாத்துச்சு. பாத்துட்டு எம்மூஞ்சியைப் பாத்துச்சு. அப்பறம் ஒரு துணியில ஏதோ ஊத்தி, அந்தப் பல்லை உள்ள வரைக்கும் விட்டுத் தொடைச்சுது. சந்தனம் கல்லாட்டக் காஞ்சு போயிருந்தது, சொரண்டிச் சொரண்டி எடுத்துச்சு. நான் வேண்டாங்கறதுக்குள்ள எடுத்துருச்சு. எடுத்துட்டுச் சொல்லுது, "அண்ணா, இது கெடவே இல்லீங்கண்ணா. பல்லுல சந்தனம் அடைச்சுக்கிட்டு இருந்திருக்குது. சார்ஜருக்கு பேட்டரி இருக்கறதே சரியாத் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கே தொடைச்சிருந்தா அன்னைக்கே ஏறியிருக்கும்."

ஒரு வருசம் சும்மா போட்டு வெச்சதுலதான் இப்ப அடிமட்டத்துக்கு எறங்கிருச்சாம். ரொம்ப எறங்கிட்டா சார்ஜரு அதைச் சேத்துக்காதாம். அதுக்கு ஒரு வேலை பண்ணுச்சுங்க. நல்லா இருக்கற இன்னொரு பேட்டரியை எடுத்துப் பக்கத்துல வெச்சு, பிளஸ்ஸுக்கு பிளஸ்ஸு, மைனஸுக்கு மைனஸு, ஒயர்ல சேத்துது. அதுல இருந்து இதுக்குக் கொஞ்சம் போகோணுமாம். பொறங்கையை இது மேலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. சூடு ஏறுச்சுன்னா அந்த நிமிசமே எடுத்துரோணும், இல்லீன்னா தீப் புடிச்சுக்கும், ஊட்டுல இந்த வேலையெல்லாம் பண்ணீராதீங்கண்ணான்னு சொல்லுச்சு. என்னையும் தொட்டுப் பாக்கச் சொல்லுச்சு. தொட்டேன். என்ற கைக்குத்தான் எதுவும் தெரியறதில்லையே.

கொஞ்ச நேரம் ஆச்சு. ஒயரை எடுத்துப்போட்டுச் சார்ஜர்ல சொருகுச்சு. பச்சை எரிஞ்சுதுங்க தம்பி. பச்சை. ரெண்டாவதும் அதே மாதிரி.

சந்தோசம் வரோணுமில்லீங்களா? வரல. பச்சையையே பாத்துட்டு நின்னேன். அந்தம்மா, "என்னங்கண்ணா"ன்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்லீங்கன்னேன்.

சந்தனம் போயி பேட்டரியைக் கெடுக்குமுங்களா, நீங்களே சொல்லுங்க. ஊரு உலகத்துல எத்தனை பேரு ஆயுத பூசை பண்றாங்க. அந்தம்மா கடையிலயே வேலை செய்யற ஆளுங்க எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கறாங்க. சுத்தி, சால்ட்ரிங், மீட்டரு, எல்லாத்துலயும் இருந்துச்சு. அந்தம்மாவே கையைக் காட்டுச்சு, பாருங்கண்ணா, நாங்க பேட்டரிக்குச் சைடுலதான் வெப்போம்னு. சரி, வெச்சுக்கட்டும். அது அவிங்க வழக்கம். எனக்கு என்ன தோணுதுன்னா, இவன் என்னமோ பண்ணித்தான் இருக்கறான், சாமி ஒரு வருசம் உள்ளயே இருந்து சரி பண்ணிருச்சு. அந்தம்மா தொடைச்ச நேரம், சரியான நேரம். அவ்வளவுதான்.

அந்தத் துணியை மடிச்சு எங்கையில குடுத்துச்சுங்க. எதுக்குன்னு தெரியல. சும்மா குடுத்துச்சு, நானும் சட்டைப்பையில போட்டுட்டு வந்துட்டேன். வளர்மதி தொவைக்க எடுத்தப்போ பாத்தா. மோந்து பாத்தா. சந்தன வாசம் இன்னும் அடிக்குதுன்னு நெனைக்கறேன். எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா. ஜரீனாம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நான் எதையும் மறைக்கற ஆளு இல்லைங்க. கேட்டுட்டு அந்தத் தொவைக்கற கல்லு மேலயே உக்காந்துட்டா. துணியைத் தொவைக்கல.

தொப்பூர் மேடு வந்திருச்சு, காது அடைக்குது பாருங்க.

பூபதி அவகிட்ட தெனமும் போன்ல பேசறான். நான் உள்ள வந்தா நிறுத்திருவா. துணியைப் பாத்த அன்னைக்கு நிறுத்தல. நானும் கேட்டுட்டேன், ஸ்பீக்கர்ல போட்டுட்டா. அவன் சொல்றான், "மச்சான் நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்க்கா. அடுத்த பஸ்ஸுல வந்துர்றேன்." அழுகற மாதிரி இருந்துச்சு குரலு. பாப்பா பேரைச் சொல்லிக் கேட்டான், எத்தனை பல்லு மொளைச்சிருக்குதுன்னு கேட்டான்.

ஒரு வார்த்தைதானுங்க. அவன் எதிர்பாக்கறது என்னன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வருசமா மனசு உறுத்திட்டே கெடந்திருக்கும். மச்சான் மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவனுக்கு பாரம் எறங்கிரும். சரி, சொல்லிப்போடலாம்னு கெளம்பிட்டேன். பெரியவன் நான்தானே எறங்கிப் போகோணும். அவன் தங்கியிருக்கற ரூம்புக்குப் போயி, கூட இருக்கற பசங்க முன்னாடியே சொல்லப் போறேன். நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடிதான் எடுக்கோணும், அதுதான் ஞாயம். "பூபதி, நீ கெடுத்ததை நான் பொழைக்க வெச்சுட்டேன், உன்னை மன்னிச்சுட்டேன்"னு சொல்லுவேன். சொல்லிப்போட்டு பேட்டரியை அவன் கையிலயே குடுத்து, நான் கொண்டு வந்திருக்கற சார்ஜர்ல அவனையே சொருகச் சொல்லுவேன். பச்சை எரியறதை எல்லாரும் பாக்கட்டும்.

அவன் வந்தா போதுங்க தம்பி. ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்லை. லாஃப்ட்டு வேலை வந்தா இப்ப நான் எடுக்கறதில்லை. ஆளு வெச்சுப் பாத்தேன். பலகை ஆடுது. மேல நின்னுட்டு கீழ பாப்பேன், வேற ஒருத்தன் தலை தெரியும். எறங்கிருவேன். அவன் எனக்கு வேணும். ஆமா, வேணும். அதுக்குத்தானே மன்னிக்கவே போறேன்.

பாக்கறீங்களா? இருங்க, காட்டறேன். இதோ. காத்தால குளிச்சுட்டு, நல்ல காரியத்துக்குப் போறோமேன்னு புதுச் சந்தனம் கொழைச்சு வெச்சேன். ஆமாங்க, பல்லு மேலதான். அதே எடம். போன தடவையை விடக் கெட்டியா வெச்சிருக்கறேன், வழியில உதுந்துறக் கூடாதுன்னு. கிருஷ்ணகிரி போறதுக்குள்ள நல்லாக் காஞ்சுரும்.

என்னங்க இது? எதுக்கு அந்தச் சன்னல் துணியை எடுக்கறீங்க? தொடைக்கறதா? இல்லைங்க, வேண்டாம். தொடாதீங்க தம்பி. நீங்களும் அவனாட்டவே பேசறீங்களே. செவப்பு எரிஞ்சா என்ன பண்ணுவீங்கன்னா? எரியாது. சரி, எரியுதுன்னே வெச்சுக்குவோம். சொருகுனது அவன் கைதானே. அவன் கைராசி அப்படி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அப்பவும் மன்னிச்சுருவேன்.

துணியில இருக்கற மஞ்சளும் இந்த மஞ்சளும் ஒண்ணுங்கறீங்களா? ஆமாங்க. ஒரே கடையில வாங்குனது. ஒரே கையில கொழைச்சது.

ம்.

சரி. அதுக்கென்ன இப்ப.

ஜரீனாம்மா குடுத்த அந்தத் துணியை வளர்மதிதான் பையில வெச்சு விட்டா. காத்தால நான் செருப்புப் போடறப்போ வாசல் வரைக்கும் வந்தா. ஒரு வருசத்துக்கு அப்பறம் வாசலுக்கு வந்தா. "அங்க போயி நீங்க எதுவும் பேச வேண்டாம். இந்தத் துணியை மட்டும் அவன் கையில குடுங்க, அவனுக்குப் புரியும்"ன்னா. அப்பறம் என்ற சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்ணி விட்டா. நான் சரீன்னுட்டு வந்துட்டேன். வழியில ரோசனை பண்ணிப் பாத்தா, கறைத்துணியைக் கொண்டு போயி மச்சினன் கையில குடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் நீங்க ஏறுனதும் தொடைக்கக் குடுத்துட்டேன். ஒரு வேலைக்காச்சும் ஆகட்டும்னு.

கிருஷ்ணகிரி தாண்டி ஓசூரே வந்திருச்சு. நான் எறங்கறேனுங்க. அந்தத் துணி ஈரமா இருக்குது, அங்கயே கெடக்கட்டும் விடுங்க. அட, என்னங்க நீங்க, புழிஞ்சு மடிச்சுப் பைக்குள்ள திணிக்கறீங்க? பேட்டரி மேலயே வெச்சுட்டீங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன் தம்பி, நீங்க படிச்சவரு, சொல்லுங்க. எதுவும் பேசாம, வெறும் துணியை மட்டும் நீட்டுனா, ஒருத்தனை எப்படிங்க மன்னிக்கறது?